மாமியார் தேர்ந்தெடுத்த ஆட்டம்

புளியந்தோப்பு இருதயராஜ் மாஸ்டரின் குத்துச்சண்டைக் கூடத்து வாசலில் பட்டாசு வெடித்தபோது, சந்தோஷப்படாத ஒரே ஜீவன் அம்சவேணிதான். இத்தனைக்கும் வெடித்தது அவள் புருஷனுக்காக. தொடுவானம் டிவியின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கன்னியப்பன் தேர்வாகிவிட்டான் என்று செய்தி வந்திருந்தது. மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குத்தாட்டமே போட்டார். எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் யாரும் கேட்காமலே எல்லோருக்கும் டீ கொடுத்தார். அந்த மனுஷன் ஓசியில் டீ கொடுத்து அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

அம்சவேணி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். "சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று முணுமுணுத்தாள்.

அவள் பிறவியே அப்படி. மீன் வாங்கப்போனால் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மீன்காரம்மா திரும்பிய சமயத்தில் இன்னொரு தடவையும் தூக்கிப் பார்ப்பாள். பெண் பார்க்க வந்த கன்னியப்பன் வீட்டார் "எங்களுக்குச் சீர்செனத்தி ஒண்ணும் வேணாம்" என்று சொன்னதும், மாப்பிள்ளைக்கு வலிப்பு கிலிப்பு உண்டா என்று விசாரித்துவரச் சித்தப்பாவை அனுப்பியவள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும், அப்படியென்றால் வேறு என்ன இருக்கும் என்று கல்யாணத்தன்று மணவறையில் உட்கார்ந்து யோசித்தாளாம்.

ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது மனிதர்களின் வேலையாக இருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது அதைச் செய்வது ஓர் இயந்திரம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கூடங்கள் வாரந்தோறும் தங்கள் ஆட்களின் பயிற்சியைப் படம்பிடித்து அனுப்பவேண்டும். இயந்திரம் அத்தனையையும் பார்க்கும். இவனும் அவனும் மோதட்டும் என்று ஒரு ஜோடியைச் சொல்லும். ஏன் என்று மட்டும் சொல்லாது. கூடங்களில் அதற்கு மாமியார் என்று பெயர். என்ன செய்தாலும் திருப்தி கிடையாது, எதுதான் பிடிக்கும் என்று வாயைத் திறந்தும் சொல்லாது. வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மாமியாரை மயக்க நடந்த முயற்சிகளை எழுதினால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள். ஓட்டேரிக்காரர்கள் எல்லோருக்கும் சிவப்பு டவுசர் தைத்துக் கொடுத்தார்கள். வியாசர்பாடியில் கேமராவுக்கே சாம்பிராணி போட்டார்கள். அம்சவேணி அப்படிப்பட்டவள் இல்லை. கூடத்தின் படங்களை எடுத்து அனுப்புவது அவள் வேலைதான். ஏற்கெனவே தேர்வானவர்களின் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. மாமியார் கெட்டிக்காரர்கள் இருவரை மோதவிடுவதே இல்லை. அது எடுக்கும் ஜோடியில் ஒருவன் கட்டாயம் லேசாகத் தடுமாறுகிறவனாக இருந்தான். குத்திய கை முகத்துக்குத் திரும்பிவரக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தும். உடம்பு திரும்பும்போது பின்னங்கால் தரையில் கொஞ்சம் இழுபடும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. மீன் செவுளை இரண்டு தடவை பார்க்கிற கண்ணுக்குத் தெரிந்தது.

"ஜனங்களுக்குப் பாவப்பட்டவனைத்தான் புடிக்கும் மாஸ்டர்" என்று அவள் விளக்கினாள். "நல்லா ஆடுறவனுக்குக் கை தட்டுவான், அதோட சரி. தட்டுத் தடுமாறுறவனைப் பார்த்தாத்தான் மனசு எளகும். நம்ம ஆளுங்களும் கொஞ்சம் தடுமாறிக் காட்டட்டும்."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நிமிந்து நில்லுடான்னு கத்துக்குடுத்தே என் ஆயுசு போச்சு. நீ தள்ளாடக் கத்துக்குடுக்குறியாம்மா?"

ஆனாலும் ஆசை யாரை விட்டது? தடுமாறக் கற்றுக்கொண்டார்கள். இந்தச் சூட்சுமம் எப்படியோ கசிந்து மற்ற கூடங்களும் பிடித்துக்கொண்டன. காலையில் கயிறு தாண்டுவதைப் போல, சாயங்காலம் தள்ளாடுவதும் ஒரு பயிற்சி ஆயிற்று. மாதக்கணக்கில் மாமியார் அசைந்துகொடுக்கவில்லை. இப்போது திடீரென்று கன்னியப்பனை எடுத்திருக்கிறது. முப்பதைத் தாண்டியவனை, சின்ன வயதிலிருந்து டிவியில் ஆட வேண்டும் என்று ஏங்கி, இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டவனை.

"இன்னா நடிப்புடா! நீ சினிமாவுக்கே போயிருக்கலாம்" என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். கன்னியப்பன் சிரித்தான்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் சாய்த்தான். பாதித் தண்ணீர் டம்ளருக்கு வெளியே போய்ச் சோற்றுத் தட்டில் விழுந்தது.

"வூட்லயும் ஒத்திகையா?" என்றாள் அம்சவேணி. கொஞ்ச நாளாகவே இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவான். செருப்பைத் தேடிக் காலால் துழாவுவான். கேட்டால் ஒரே பதில்தான்.

"கை மறந்துறக்கூடாதில்ல அம்சா."

"மறக்காது, மறக்காது. தரையைத் தொடைக்கிறவளுக்குத்தான் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே துணியை எடுத்தாள். ஊரில் யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிறவள், அந்தத் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்துப் பிற்பாடு அவள் அழாத நாள் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிண்டியில் இருந்த டிவி அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். கன்னியப்பனுக்கு ஒரு பட்டு அங்கியை மாட்டிப் படம் எடுக்கப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார்கள். அம்சவேணி, ஆட்டத் தேர்வுப் பிரிவைக் கவனித்துக்கொண்ட ஸ்ரீவத்சன் என்பவரின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்ன வயது, கண்ணாடி, மரியாதையான பேச்சு. அந்த மரியாதையே அவளுக்கு இடித்தது.

"யாரு சொல்லி எங்க வூட்டுக்காரரை எடுத்தீங்க?" என்று நேராகவே ஆரம்பித்தாள்.

"யாரும் சொல்லலை மேடம். நாங்க யாரும் தேர்ந்தெடுக்கறதே இல்லையே."

"எதிராளி கும்மிடிப்பூண்டி வெற்றிவேலு. அவன் குத்தினா மாடு முட்டுன மாதிரி இருக்கும். அவனைப் பெரிய ஆளாக்க ஒரு ஆடு வேணும், அதுக்குத்தான எங்க வூட்டுக்கு மாலையோட வந்தீங்க? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையெல்லாம் எனக்கும் தெரியும் சார்."

ஸ்ரீவத்சன் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. "உங்க வீட்டு டிவி பெட்டியில கடுகு மாதிரி ஒரு கண் இருக்கும், பச்சையா எரியும், பார்த்திருக்கீங்களா? நீங்க யாரு என்னன்னு அதுக்குத் தெரியாது. பார்க்கறவங்க கண்ணு திரையில இருக்கா, கை ரிமோட்டுக்குப் போறதா, அதை மட்டும் கவனிக்கும். அத்தனை வீட்டுக் கண்ணுலேர்ந்தும் இயந்திரம் கத்துக்கறது. எந்த ஆட்டத்துல ஜனங்க கண்ணை எடுக்கலையோ, அதுமாதிரி ஆடறவங்களைத் தேடிப் பிடிக்கும். அவ்வளவுதான் மேடம் அதோட மூளை."

"நல்லா ஆடுறவனை ஏன் எடுக்க மாட்டுது?"

"நல்ல ஆட்டத்தை ரசிப்பாங்க. ரசிச்சுண்டே போனைப் பார்ப்பாங்க, காபி போட எழுந்து போவாங்க. ஆனா சில ஆட்டம் இருக்கு. மணி அடிச்சதுலேர்ந்து வீட்டுல ஒருத்தரும் அசைய மாட்டா. ஒரு அடிகூட விழுந்திருக்காது, ஆனாலும் அப்படியே உட்கார்ந்திருப்பா. ஏன்னு எங்களுக்கும் தெரியாது."

"தெரிஞ்சுக்கணும்னு தோணலியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்னா ஓடற வண்டியை நிறுத்தி இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்க எந்த முதலாளி விடுவார், சொல்லுங்கோ."

ஆள் பொய் சொல்லவில்லை என்று அம்சவேணிக்குப் பட்டது. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. பொய் சொல்கிறவனை மடக்கலாம். தெரியாது என்கிறவனை எங்கே பிடிப்பது? அவள் எழுந்திருக்கும்போது அவராகவே சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"எல்லாக் கூடத்துலயும் தள்ளாடி நடிச்சு அனுப்பறாளே, அது யாரோட யோசனை மேடம்? நாங்க இங்க பார்த்துப் பார்த்துச் சிரிப்போம். இயந்திரம் அதையெல்லாம் எடுத்த எடுப்புலயே தள்ளிடறது. நடிச்சது ஒண்ணைக்கூட அது எடுத்ததில்லை."

"எங்க வூட்டுக்காரரு நடிச்சதைத்தான எடுத்துது?"

"எடுத்திருக்காதே" என்றார் அவர், வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

கதவைத் திறந்துகொண்டு கன்னியப்பன் வந்தான். பட்டு அங்கியில் ராஜா மாதிரி இருந்தான். அங்கியின் நாடாவைக் கட்டத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவனை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு, நடிக்காதவர்கள் ஏன் தடுமாறினார்கள் என்று தெரிந்துகொள்ள அம்சவேணி பெரம்பூருக்குப் போனாள். அங்கே டில்லிபாபு இருந்தான். இயந்திரம் தேர்ந்தெடுத்த முதல் ஆட்களில் ஒருவன். அவன் ஆடிய ஞாயிற்றுக்கிழமை ஊரே டிவி முன்னால் கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தது. கடைசி ரவுண்டில் வாங்கிய ஒரு குத்தோடு விழுந்தவன், பிறகு கிளவுஸை மாட்டவே இல்லை. அந்த ஒரு குத்துதான் அவனைக் கெடுத்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

டில்லிபாபு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா அம்சா. கன்னி எப்படிக்கீறான்?"

"நல்லாக்கீறாருண்ணே."

அவன் மனைவி கஸ்தூரி உள்ளிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். டில்லிபாபு தெருவைக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு அதே சிரிப்போடு திரும்பி, "வா அம்சா. கன்னி எப்படிக்கீறான்?" என்றான்.

அம்சவேணி கஸ்தூரியின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். டிவில ஆடுறதுக்கு முன்னாடி அண்ணன் எப்படி இருந்தாரு? நல்லா நெனச்சுப் பார்த்துச் சொல்லு."

கஸ்தூரி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊருல எல்லாம் அந்தக் குத்துனாலதான்னு சொல்றாங்க. நானும் ஆமான்னு தலையாட்டுறேன். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு மாதிரிதாண்டி இருந்தாரு. தட்டுல இட்லி இருக்கும், சட்னியைத் தரையில ஊத்துவாரு. நான் வெளாட்டுன்னு நெனச்சுக்கினு திட்டுவேன்."

அம்சவேணி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேர்வானவர்களில் யாரும் தடுமாறுகிறவனைப் போல நடித்திருக்கவில்லை. அவள் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்த அந்தச் சூட்சுமம், தலைக்குள்ளே ஏற்கெனவே அடிபட்டுப்போன மனிதர்களின் நடை. அதைத்தான் அவள் அத்தனை பேருக்கும் பாடமாக நடத்தியிருக்கிறாள். நிஜமாகவே தடுமாறுகிறவன் ஒருவன், அந்தக் கும்பலுக்குள் யாருக்கும் தெரியாமல் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்தபோது கன்னியப்பன் கண்ணாடி முன்னால் நின்று காற்றில் குத்திக்கொண்டிருந்தான்.

"யோவ், இங்க பாரு. டிவிக்கு அனுப்புன அந்தப் படம் எடுத்த அன்னிக்கு எப்படித் தடுமாறுனே? எனக்கு ஒருக்கா செஞ்சு காட்டு."

அவன் கையைத் தாழ்த்தினான். கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தான்.

"செஞ்சு காட்டுய்யா."

"அம்சா, கோச்சுக்காத. அன்னிக்குத் தடுமாறணும்னு நீ சொன்னதே எனக்கு மறந்துபோச்சு. நடிக்கவே இல்ல. உடம்பு லேசா இருந்துச்சு, மனசு நெறைய ஆடினேன். இத்தினி வருசத்துல என் நல்ல ஆட்டம் அதுதான்னு நெனச்சேன். அப்பறம் எல்லாரும் வந்து 'இன்னா நடிப்பு, இன்னா நடிப்பு'ன்றாங்க. நான் இன்னான்னு சொல்றது? வெக்கமாப் போச்சு."

"அந்தத் தண்ணி? சட்டைப் பொத்தான்?"

அவன் தன் கையைப் பார்த்தான். அம்சவேணி அந்தக் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் தப்புச் செய்துவிட்ட பிள்ளை போல நின்றுகொண்டிருந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "வருஷக்கணக்கா விழுந்த அடி உள்ள தங்கியிருக்கு. இருக்கறதை இனி மேல கெடாமக் காப்பாத்தலாம். இன்னொரு பலமான அடி பட்டா, உங்களை யாருன்னு கேப்பார்." அம்சவேணி வெளியே வந்ததும் செய்த முதல் காரியம், ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி டிவிக்குப் போன் போட்டதுதான்.

இருதயராஜ் மாஸ்டர் முதலில் கத்தினார். விஷயம் தெரிந்ததும் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "டெய்லி பார்க்குறவன், என் கண்ணுக்குத் தெரியலியேம்மா. அந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சிருக்குது."

"அதுக்கும் ஒண்ணும் தெரியாது மாஸ்டர்" என்றாள் அம்சவேணி. "ஜனங்க எதைப் பார்த்தா அசையாம உக்காருவாங்கன்னு மட்டும் தெரியும்."

ஸ்ரீவத்சனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மேலிடத்தில் பேசிப்பார்க்கிறேன் என்றார். பேசியும் பார்த்திருப்பார். மறுநாளே இயந்திரம் கன்னியப்பனுக்குப் பதிலாக எண்ணூர் ராயப்பனை எடுத்துவிட்டது என்று அறிவிப்பு வந்தது. வெற்றிவேலுவின் படத்துக்குப் பக்கத்தில் அதே பட்டு அங்கியில் ராயப்பன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்சவேணி எப்படியோ நம்பரைத் தேடிப்பிடித்து ராயப்பன் வீட்டுக்குப் பேசினாள். போனை எடுத்தது அவன் மனைவி மேரி. முன்பின் தெரியாதவள்.

"அம்மா, நான் புளியந்தோப்பு கன்னியப்பன் சம்சாரம். உங்க வூட்டுக்காரரைத் தயவுசெஞ்சு ஆட வுடாதீங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. அந்த மிஷினு யாரை எடுக்குதுன்னா..."

மேரி முழுக்கக் கேட்டாள். பிறகு, "உங்க வூட்டுக்காரரு ஏன் ஆடல?" என்றாள்.

"தலையில அடின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கம்மா."

"அவருக்கு அடின்னா எங்க வூட்டுக்காரருக்கும் அடியா? உங்களுக்குப் போன சான்ஸு எங்களுக்கு வந்தா வயிறு எரியுதா? யாரு சொல்லி இப்படிப் பேசுறே? வெற்றிவேலு ஆளுங்க துட்டு குடுத்தாங்களா?"

"சத்தியமா இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. வூட்ல தண்ணி ஊத்தும்போது..."

போன் துண்டிக்கப்பட்டது. மேரி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அவள் இடத்தில் இருந்தால் அம்சவேணியும் சொல்லியிருக்கக்கூடியதுதான். இன்னும் இரண்டு வார்த்தை கூடவே சொல்லியிருப்பாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளை நம்ப இப்போது ஓர் ஆள் இல்லை. திரும்பத் திரும்பப் போன் செய்து பார்த்தாள். எடுக்கவே இல்லை. எண்ணூருக்கே போய் நின்றாள். கூடத்து ஆட்கள் வாசலிலேயே வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியைப் போடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. அம்சவேணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கும் சத்தம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து டிவியைப் போட்டாள்.

"வேணாம்னு சொன்னே?" என்றான் கன்னியப்பன்.

"நின்னுக்கினு கீறானான்னு மட்டும் பார்த்துட்டு நிறுத்திடுறேன்."

ராயப்பன் நின்றுகொண்டுதான் இருந்தான். நன்றாகவே ஆடினான். குத்திய கை முகத்துக்குத் திரும்பிவரக் கண்ணிமைக்கும் நேரம் பிந்தியது. பின்னங்கால் லேசாக இழுபட்டது. முதல் ரவுண்டு முடிந்தது. அடுத்தது தொடங்கியது. வெற்றிவேலு தள்ளி நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தான். அம்சவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் மடியிலேயே கிடந்தது.

"நிறுத்து அம்சா."

"இரு."

"இன்னாத்துக்குப் பார்த்துக்கினே இருக்கே?"

"கண்ணை எடுத்தா அவனுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயமாக்கீதுய்யா" என்றாள். கைப்பிடிச்சுவரில் நடக்கிற பிள்ளையைப் பார்க்கிற தாய் போல இருந்தது அவள் முகம்.

கன்னியப்பன் அவளையே பார்த்தான். "அதுக்குத்தான் எல்லாரும் பார்க்குறாங்க" என்றான்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பெட்டியில் கடுகளவு பச்சைக் கண் நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்ததை அது முதல் மணியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் தெரிந்தவளையும் அது விடவில்லை. அடுத்த வாரம் யாரைத் தேட வேண்டும் என்று அவளிடமிருந்தும் கற்றுக்கொண்டிருந்தது. அப்போதும் ரிமோட்டுக்கு அவள் கை போகவில்லை.

கன்னியப்பன் எழுந்து சுவரோரம் போனான். அவன் விரல் முதல் தடவை சுவிட்சைத் தவறவிட்டுச் சுவரைத் தொட்டது. இரண்டாம் தடவை சரியாகப் பிடித்து அணைத்தான். திரும்பிவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அம்சவேணி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளரும் பேச்சை நிறுத்தியிருந்தார்; எந்த வீட்டிலிருந்தும் ஒரு பேச்சுக்குரல் இல்லை. யாரும் எழுந்து நடக்கவில்லை, ஒரு பாத்திரம்கூட உருளவில்லை. தெரு முழுக்க அப்படியொரு அமைதி. ராயப்பன் இன்னும் விழவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.